கொடி சாட்சி சொல்லவில்லை

என் கணவரின் வலது காலில், பெருவிரலுக்கு அடியில், ஒரு கம்பித் துண்டு ஏறியிருந்தது. திராட்சைப் பந்தலுக்கு இழுத்துக் கட்டுகிற கம்பியின் நறுக்கு அது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. சென்ற ஆண்டு செபமாலை மாதமான அக்டோபரின் முதல் வாரம். தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவும்போது வாசல் கல்லில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. அதனால்தான் குனிந்து பார்த்தார்.

"பாத்தியா அமலி? கம்பி ஏறிக் கெடக்கு, துளி வலி இல்ல. ஆண்டவர் கை வச்ச ஒடம்பு இது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மஞ்சளை அப்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அமலோற்பவம். கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஒரு கத்தோலிக்கக் கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் பங்குக் கோயிலின் வரலாற்றைச் சேர்த்து எழுதி வருகிறேன். கல்லறைச் சிலுவையில் உள்ள ஆண்டைக்கூட நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன். இந்தச் சாட்சியையும் அப்படியே எழுதுகிறேன். நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடுவேன். ஏன் இவ்வளவு கவனம் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்குப் புரியும். ஏனென்றால் எங்கள் துன்பமே ஒரு சாட்சியில்தான் தொடங்கியது.

என் கணவர் சவரிமுத்துவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டு, வாயைக் கட்டி, ஒழுங்காகத்தான் இருந்தார். சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் பக்கத்து ஊர் மைதானத்தில் செபக்கூட்டம் நடந்தது. கூட்டம் நடந்த நாள்களெல்லாம் நோன்பிருந்து கஞ்சி மட்டும் குடித்தார். கடைசி நாள் காலையில் வீட்டில் இருந்த சர்க்கரை மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தார். அப்படி ஓர் அளவை நாங்கள் அதில் கண்டதே இல்லை. அவ்வளவு குறைந்திருந்தது. அன்று மாலை மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஆண்டவர் எனக்குச் சர்க்கரையை எடுத்துட்டாரு" என்று அழுதுகொண்டே சொன்னார். மைதானமே கை தட்டியது. நானும் தட்டினேன். அவர் அன்று பொய் சொல்லவில்லை. தான் கண்டதைச் சொன்னார். ஆனால் கண்டதை விடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனோடு மாத்திரையை நிறுத்தினார். மெஷின் பரணுக்குப் போனது. 'சாட்சி சொன்ன சவரிமுத்து' என்று ஊருக்குள் ஒரு பெயர் வந்தது. நோயாளிகள் வீட்டுக்கே வந்து, "தலையில கை வச்சுச் செபிங்க அண்ணே" என்று கேட்டார்கள். அவரும் செபித்தார்.

ஆகஸ்டில் விண்ணேற்பு மாதா திருநாளுக்கு எடுத்த சட்டை தோளிலிருந்து வழிந்தது. தண்ணீர்ச் செம்பு கையை விட்டு இறங்கவில்லை. "ஒரு தடவை ரத்தம் பாத்துட்டு வருவோமே" என்பேன். "டீச்சரம்மா, இது பரீட்சைப் பேப்பர் இல்ல, திருத்துறதுக்கு" என்பார்.

அவருடைய அண்ணன் மனைவி செபஸ்தியம்மாள் அடுத்த வீடு. செபக்கூட்டத்துக்கு எங்களை அழைத்துப் போனதே அவர்தான். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில், நாலு பேர் கேட்க, என்னிடம் சொன்னார்: "ஏத்தா அமலி, அவுக மேல ஆண்டவருக்கு ஒரு கொறையும் இல்ல. வீட்டுல ஒருத்தி சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா, போன நோயும் வாசல்ல வந்து நிக்கும்."

அந்தச் சொல் என்னைக் கொன்றது. என் சந்தேகம்தான் அவரை உருக்குகிறதோ என்று நானே நம்பத் தொடங்கினேன். கம்பி ஏறிய இடம் கறுத்தது. அதைச் சுற்றித் தோல் பளபளத்தது. வீட்டில் ஒரு வாடை வந்தது. அவருக்கு மட்டும் வலிக்கவே இல்லை.

அந்த மாதம் தினமும் சாயங்காலம் கோயிலில் செபமாலை. முடிந்து எல்லாரும் போன பிறகும் மாதா பீடத்துக்கு முன்னால் நான் இருப்பேன். "ஆண்டவரே, அவர் மேடையில் சொன்னதை உண்மையாக்கும்" என்பதுதான் என் மன்றாட்டு. எத்தனை நாள் அப்படிக் கேட்டேன் என்று எண்ணவில்லை. ஒருநாள் அந்தச் சொற்கள் வாயில் வரவே மறுத்தன. கேட்பது தவறு என்று எனக்குப் பட்டது. ஏன் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் வேறு ஒன்று கேட்டேன்: "எது உண்மையோ, அதை அவர் தாங்கும்படி செய்யும். அதை அவரிடம் சொல்ல ஓர் ஆளை அனுப்பும். நான் சொன்னால் அவர் காதில் ஏறவில்லை."

மறுநாள் காலையில் என் தம்பி ஆரோக்கியம் பைக்கில் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளைக் கட்டிக்கொண்டு வந்தான்.

முந்தின வாரமே வருவதாக இருந்தவன். சின்னமனூரில் ஒரு மோட்டார் வேலையால் தள்ளிப்போயிற்று என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே இதை அதிசயம் என்று நான் எழுத மாட்டேன். விடை என்று எழுதுவேன்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்தவன். அங்கே முதலில் சில ஆண்டுகள் தத்துவம், அதன் பிறகுதான் இறையியல். தத்துவத்தை முடித்ததும், "எனக்கு இது அழைப்பு இல்லை" என்று பெட்டியோடு வந்துவிட்டான். எங்கள் ஊர்களில் குருமடத்துக்குப் போகிற பையனை மாலை போட்டு மேளத்தோடு அனுப்புவார்கள். திரும்பி வருகிறவன் வாய்க்கால் பாதை வழியாகத்தான் வீடு வந்து சேருவான். அவனுக்கு 'அரைச்சாமி' என்று பெயர் விழுந்தது. "பிலாசபி படிச்சுக் கெட்டான்" என்பது எங்கள் உறவுக்குள் ஒரு பழமொழியே ஆகிவிட்டது. 'அவனிடம் சாமி பேச்சு எடுக்காதே' என்று அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். அம்மா போன பிறகும் அந்தச் சட்டம் வீட்டில் இருந்தது. அவனும் எதுவும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் நிற்பான். மற்ற நாளெல்லாம் குழாய், மோட்டார், வால்வு.

அன்று அவனுக்குத் தோட்டத்துக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். பருவமழை தொடங்கியிருந்தது. அந்த ஈரத்தில் திராட்சை இலைக்கு அடியில் சாம்பல் நோய் பூத்துவிடும். உடனே மருந்தடிக்க வேண்டும். என் கணவர் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டி, காலில் துணி சுற்றி, பந்தலுக்கு அடியில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். தம்பி குழாயை விட்டுவிட்டு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், கொடிக்கு என்ன சீக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குற. சாம்பல்தான்."

"ஆண்டவர்கிட்ட விட்டுற வேண்டியதுதான. மருந்து எதுக்கு?"

என் கணவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "ஓ, அக்காவும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டு வந்தீகளாக்கும்?" என்றார். பிறகு அவனிடம் சொன்னார்: "மாப்ள, கொடி மேடையில ஏறிச் சாட்சி சொல்லல. நான் சொல்லியிருக்கேன்."

எனக்குத் திடுக்கென்றது. மருந்து மேல் அவருக்கு வெறுப்பு என்றுதான் நான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அவரைக் கட்டிப்போட்டிருந்தது அந்த வெறுப்பு இல்லை. அந்த மேடை.

தம்பிக்கும் அது புரிந்துவிட்டது. காப்பியை வாங்கிக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு மேடையில சொன்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது மச்சான்?"

"எப்படின்னா? மெஷின்ல பாத்தேன்டா. கண்ணால பாத்தேன்."

"அப்ப மெஷினை நம்புனீக."

"ஆமா."

"இப்ப அது எங்கன இருக்கு?"

அவர் டப்பாவின் வாரை இழுத்துவிட்டார். நான்தான் சொன்னேன். "பரண்ல."

"ஒன்னய யாரு கேட்டா?" என்று என் மேல் பாய்ந்தார். "ஏலே ஆரோக்கியம், ஒன் பிலாசபியக் குழாய்க்குள்ள விட்டு அடை. என் விசுவாசத்துல கை வைக்காத. ஒனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? பாதியில ஓடி வந்தவன்."

தம்பியின் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "ஓடி வந்தவன்தான். சாமியாராகுற ஆசைதான் போச்சு மச்சான். ஆண்டவர் போகல. சரி, நீங்க சொல்லுங்க. மாத்திரை போட்டா என்ன ஆகும்?"

என் கணவர் மருந்து டப்பாவை இறக்கி வைத்தார். வரப்பில் உட்கார்ந்தார். அவர் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

"அந்த மைதானத்துல எத்தனை பேரு கை தட்டுனாக தெரியுமா? நான் மாத்திரை போட்டேன்னு தெரிஞ்சா, ஆண்டவர் கை விட்டுட்டாருன்னு சொல்லுவாக. வேற சாமி கும்புடுறவுக சிரிப்பாக. என் ஒத்தக் காலுக்காக அவரைப் பொய்யனாக்கச் சொல்றியா?"

இதுதான் அவர் உள்ளே வைத்திருந்தது. தன் காலைக் கொடுத்துக் கடவுளின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் மனிதர். எனக்கு அழுகை வந்தது.

தம்பி அவர் பக்கத்திலேயே ஈர மண்ணில் உட்கார்ந்தான். "மச்சான், பந்தல் கொடி மேல நிக்குதா, கொடி பந்தல் மேல நிக்குதா?"

"என்னடா கேள்வி இது?"

"சொல்லுங்க."

"கொடிதான் பந்தல் மேல நிக்குது."

"ஒரு கொடி சரிஞ்சா பந்தல் விழுந்துருமா? ஆண்டவர் ஒங்க சாட்சி மேலயா நிக்கிறாரு? நீங்கதான அவர் மேல நிக்கிறீக. நீங்க ஒரு தப்புக் கணக்குப் போட்டா நீங்க தப்பு, அவரு பொய்யன் இல்ல. ஒங்க ரத்தத்தைப் படைச்சது யாரு? அதுல சர்க்கரை இருக்குன்னா, அதுவும் அவரு ஒலகத்துல உள்ள உண்மைதான். ஒரு உண்மை இன்னொரு உண்மையை அடிக்காது மச்சான். அவரைக் காப்பாத்த ஒரு உண்மையை மறைக்கணும்னா, நீங்க காப்பாத்துறது அவரை இல்ல. வேற எதையோ."

பந்தலில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் காலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு எழுந்தார், மருந்து டப்பாவை எடுத்தார்.

"மிச்ச வரிசைய நீ அடி" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நொண்டிக்கொண்டே நடந்தார்.

நான் வீட்டுக்குப் போனபோது மெஷின் பரணிலிருந்து இறங்கியிருந்தது. விரலைக் குத்தினோம். அளவே காட்டவில்லை. காட்ட முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் அதில் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும்; அதுதான் வந்திருந்தது. மெஷினில் இரத்தம் தொட்டு வைக்கிற பட்டைகள் பழையவை, தப்பாகவும் காட்டலாம். அதையும் அவரிடம் சொன்னேன். "இல்ல அமலி, சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்று மதியமே தேனிக்குக் காரில் போனோம்.

அந்த மருத்துவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு குச்சியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு "இல்ல, இல்ல" என்றார். "வலிக்காததுதான் நோய் அய்யா. சர்க்கரை நரம்பைத் தின்னுருச்சு. வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க" என்றார் மருத்துவர். ஆண்டவரின் கை என்று என் கணவர் எண்ணியிருந்த அந்த மரத்துப்போதலுக்கு அன்றுதான் அதன் சொந்தப் பெயர் தெரிந்தது.

நவம்பர் தொடக்கத்தில் வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்பே பெருவிரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை நானே கேட்டேன்.

விரலை எடுத்த மறுநாள் பிற்பகல், தம்பி கட்டிலருகில் இருந்தான். என் கணவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மாப்ள, எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கியே. அவரு நெனச்சா சும்மாவே கொணமாக்கியிருக்கலாம்ல? ஏன் செய்யல?"

"தெரியாது மச்சான்."

"இவ்வளவு படிச்சுமா?"

"இவ்வளவு படிச்சதுனாலதான் தெரியாதுன்னு சொல்ல முடியுது. செபமாலை சொல்வோமா?"

சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தான். மணிகள் தேய்ந்து நிறம் போயிருந்தன. குருமடத்துக்குப் போன அன்று அம்மா கொடுத்தது. மோட்டார் எண்ணெய்க் கறையோடு அதை இத்தனை காலமும் பையில் வைத்திருந்திருக்கிறான். எவனுக்கு விசுவாசம் போய்விட்டது என்று அம்மா தினமும் அழுதாளோ, அவன் முன்சொல்ல, நானும் என் கணவரும் பின்சொன்னோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த இஸ்லாமியப் பெரியவர் முடியும்வரை தன் ரேடியோவை நிறுத்தி வைத்திருந்தார்.

அங்கே இருந்த நாள்களில் தம்பியிடம் கேட்டேன், அப்படி என்னதான் படித்தாய் என்று. "மொத வருசம் கடவுளைப் பத்தியே சொல்லித் தரலக்கா. 'தெரியும்கிறியே, எப்படித் தெரியும்?' இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாக. பைத்தியம் புடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள் தெரிஞ்சது, இதைத் தாண்டாம கடவுளைப் பத்திப் பேசவே கூடாதுன்னு." வகுப்பில் பிள்ளைகளிடம் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டு வந்தேன்: அசோகர் அதைச் செய்தார் என்றால் எதை வைத்துச் சொல்கிறாய்? கல்வெட்டு எங்கே? ஆனால் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் சொன்னதாக நினைவில்லை.

கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியதும் என் கணவர் சொன்ன முதல் காரியம், "நான் சாட்சியைத் திருத்தணும்" என்பது. செபக்கூட்டம் நடத்தியவர்களிடம் கேட்டார். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் தயங்கினார்கள். செபஸ்தியம்மாள் அக்கா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "கொடுத்த சாட்சியை எவனாச்சும் திரும்ப வாங்குவானா? சும்மா இருந்தாப் போதாதா? ஆத்தா, இந்த அரைச்சாமி வந்து முழு வீட்டையும் கெடுத்துட்டானே!"

"முழுச்சாமி வந்திருந்தா முழங்காலோட போயிருக்கும் மதினி" என்றார் என் கணவர். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அடித்த முதல் கேலி அது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் வாரம் எங்கள் தெரு அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. தெருவுக்குள் உள்ள குடும்பங்கள் கூடிச் செபிக்கிற கூட்டம், மேடை கிடையாது. செபம் முடிந்ததும் அவர் எழுந்தார். கையில் எழுதி வைத்திருக்கவில்லை.

"போன தவக்காலத்துக்கு முன்னாடி நான் மைதானத்துல சொன்னது, நான் நம்புனது. நான் பாத்தது அந்த ஒருநாள் அளவு மட்டுந்தான். எனக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை போடுறேன், ஊசி போடுறேன். வெரல் போச்சு. ஆண்டவர் என்னய விடல. என்னைப் பாத்து யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தா, இன்னைக்கே போடுங்க. அதுக்கு அவரு கோவிச்சுக்க மாட்டாரு. இதுதான் என் சாட்சி."

யாரும் கை தட்டவில்லை. கடைசிப் பாட்டைப் பாடி, சுண்டலை வாங்கிக்கொண்டு, எல்லாரும் சற்று அமைதியாகவே கலைந்தார்கள். என் கணவரின் முகம் வாடியிருந்தது. "சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார். நான் சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை பால் வாங்க வாசல் திறந்தேன். செபஸ்தியம்மாள் அக்கா நின்றுகொண்டிருந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்தா அமலி, அந்த மெஷின்ல பிரஷரும் பாக்கலாமா?"

"அது சர்க்கரைக்கு அக்கா. ஏன், நீங்க பிரஷர் மாத்திரை போடுறீகள்ல?"

அவர் தரையைப் பார்த்தார். "அவுக மைதானத்துல சொன்ன அன்னையில இருந்து போடல."

நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். என் கணவர் கம்பை ஊன்றி எழுந்தார். அவர் தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அரைமணி நேரத்தில் மூவரும் உத்தமபாளையம் பேருந்தில் மருத்துவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா திட்டிய திட்டு வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. செபஸ்தியம்மாள் அக்கா இப்போது மாத்திரையும் போடுகிறார், செபமும் சொல்கிறார், தம்பியை 'அரைச்சாமி' என்றும் கூப்பிடுகிறார். ஆனால் இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வந்தால், "போய் அவன்ட்ட கேளு, என்ட்ட கேக்காத" என்கிறார்.

இந்தத் தவக்காலத்தின் முதல் வாரத்தில் இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு இதே நாள்களில் என் கணவர் மாத்திரையை நிறுத்தினார். இன்று காலை உணவுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டு, அந்தக் காலுக்கென்றே தைத்த செருப்போடு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். நான் கேட்ட முதல் மன்றாட்டை ஆண்டவர் தரவில்லை. அதற்காக இப்போது நன்றி சொல்கிறேன். இரண்டாவதைத் தந்தார். அதைத் தருவதற்கு, நாங்கள் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்திருந்த படிப்பையே எடுத்துக்கொண்டார். அந்தப் படிப்பு என் கணவருக்கு விசுவாசத்தைக் கொடுக்கவில்லை. அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் ஏறிக் கிடந்த பயத்தைப் பிடுங்கிப் போட்டது, அவ்வளவுதான்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் பரண் மேல் ஏதாவது இருக்கலாம். பார்த்தால் விசுவாசம் போய்விடுமோ என்று நீங்கள் பார்க்காமல் விட்ட ஒன்று. கேட்டால் பாவமோ என்று நீங்கள் விழுங்கிய ஒரு கேள்வி. இறக்கிப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும், அதைப் பார்க்கும்போது நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். எங்களைத் தாங்கியவர் உங்களையும் தாங்குவார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் அன்பியம். ஒரு விரல் இல்லாத காலோடு ஒருவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவரிடமே கேளுங்கள்.